கனமும் இலேசும்: கரிசல் நிலத்துச் சுவர்களும் கூரைகளும்

விருதுநகரிலிருந்து சாத்தூர் நோக்கித் தெற்கே செல்பவர்கள் சூலக்கரையை ஓர் ஊராகக் கவனிப்பது அரிது. தொழிற்பேட்டையின் கொட்டகைகளும், அண்மையில் எழுந்த கான்கிரீட் வீடுகளும், இடையிடையே ஆளற்ற கரிசல் காடும் வேகமாகப் பின்னோக்கி ஓடிவிடும். சென்ற கோடையில் நாம் அவ்வூரில் ஒரு பகல் முழுவதும் தங்க நேர்ந்தது. நண்பகலில் ஒரு பழைய காரை வீட்டின் கூடத்தில் அமர்ந்திருந்தோம். மாலை நான்கு மணியளவில், அதே குடும்பத்தார் பக்கத்திலேயே கட்டியிருந்த புதிய வீட்டிற்குத் தேநீர் அருந்த அழைத்துச் சென்றனர். இரண்டு வீட்டிற்கும் இடையே பத்தடி தூரம்தான் இருக்கும். ஆனால் ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்திற்குள் நுழைந்தது போன்றிருந்தது. புதிய வீட்டின் மின்விசிறி தளத்திலிருந்து இறங்கிய அனலையே நம் தலையின்மீது வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

சுவர், கூரை, கதவு, சாளரம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் ‘கட்டட உறை’ என்று பொறியாளர்கள் இன்று வழங்குகின்றனர். உடலுக்குத் தோல் எப்படியோ, கட்டடத்திற்கு அது அப்படி. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது, எதைச் சிறிது நேரம் தாங்கி வைத்திருந்து பிறகு விடுவது என்பதே அதன் வேலை. இஸ்லாமியக் கட்டடக்கலை குறித்து எழுதுவோர் குவிமாடத்தையும் மினாராவையும் மிஹ்ராபையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். சுவரைப் பற்றியும் மேல்தளத்தைப் பற்றியும் எழுதுவோர் குறைவு. இத்தனைக்கும் நம் வரலாற்றின் தொடக்ககாலப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய செய்தி சுவரையும் கூரையையும் பற்றியதாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளி, சுடாத மண்கற்களால் ஆன சுவரும், பேரீச்ச மரத்தூண்களும், பேரீச்ச ஓலைக் கூரையும் கொண்டது. மழை பெய்தால் அக்கூரை ஒழுகியதையும், சேற்றிலேயே ஸஜ்தா செய்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி 29இல், அது விரிவுபடுத்தப்பட்டபோது சுவர் செதுக்கிய கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. கூரைக்குத் தேக்கு மரம் இடப்பட்டது. அரபு மொழியில் ‘ஸாஜ்’ எனப்படும் தேக்கு, அக்காலத்தில் நம் நாட்டுக் கரைகளிலிருந்து கப்பலேறிய சரக்கு என்பது நமக்குச் சிறு மகிழ்ச்சி தரும் செய்தி. நாம் இங்குக் கவனிக்க விரும்புவது வேறு ஒன்று. ஒரே இடத்தில், ஒரு தலைமுறைக் காலத்திற்குள், இலேசான உறை கனமான உறையாக மாறியது. ஓலை நிழல் தரும், மழையைத் தாங்காது. கல்லும் சுண்ணாம்பும் இரண்டையும் தாங்கும்; ஆனால் இடிந்தால் ஆளைக் கொல்லும். கனத்திற்கும் இலேசிற்கும் இடையிலான இந்த வழக்கு இன்றளவும் தீரவில்லை.

இப்னு கல்தூன் (1332–1406) தமது முகத்திமாவில் கட்டடத் தொழிலுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த அந்தப் பேரறிஞர், சுவர் எழுப்பும் பலகைகளை எப்படிக் கட்டுவது, மண்ணையும் சுண்ணாம்பையும் எப்படி இடிப்பது என்பதைக் கொத்தனாரின் அருகே நின்று பார்த்தவர் போல விவரிக்கிறார். சுண்ணாம்பை ஓரிரு வாரம் நீரில் ஊறவைத்து அதன் காரத்தைத் தணிக்க வேண்டும் என்கிறார். கூரைக்கு மரங்களைப் பரப்பி, மேலே பலகையிட்டு, மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி, துகள்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் வரை கட்டையால் இடிக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்குக் ‘கட்டைக்குத்து ஒட்டு’ நினைவுக்கு வராமல் இராது.

ஆங்கிலேயர் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப் பெயரிட்ட அந்தத் தளம் நம் பக்கத்து வசதியான வீடுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை போடப்பட்டது. மர உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களை நிமிர்த்திச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவர். கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டி நீரையும் தெளிப்பர். இறுதியில் தட்டோடு பதிப்பர். இந்த வேலையைத் தம் இளமையில் கண்ட கொத்தனார் ஒருவரைச் சூலக்கரையில் சந்தித்தோம். “பாய், ஒட்டுப் போட்டா ஒரு வாரம் பத்து நாளு கட்டை குத்தணும். இப்ப ஒரு வாரத்துல வீட்டையே முடிங்கிறாங்க” என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்பது நமக்கு விளங்கவில்லை. அவரும் இப்போது கான்கிரீட் தளந்தான் போடுகிறார்.

எல்லோரும் காரை வீட்டில் வாழ்ந்தனர் என எண்ணிவிடக் கூடாது. கரிசல் நாட்டு ஏழையின் வீடு மண்சுவரும், பனங்கைமேல் வேய்ந்த பனையோலையும் கம்பந்தட்டையும் கொண்டது. கரிசல் மண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். சுவருக்கு அது ஆகாது. எனவே செவல் மண்ணைத் தேடிப்போய் வண்டியில் கொண்டுவந்தனர். கூரை எளிதில் தீப்பற்றும். ஆனால் அந்த ஓலைக்கூரையின் அடியில் மே மாதப் பகலையும் கழிக்க முடிந்தது.

தடித்த சுண்ணாம்புத் தளம் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், அது வெயிலைத் தடுக்கிறது என்பதைவிடத் தாமதப்படுத்துகிறது என்பதாகும். பன்னிரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பில் விழும் வெப்பம் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அடிப்புறத்தை அடைந்துவிடும். நண்பகல் வெயில் பிற்பகல் மூன்று மணிக்கு அறைக்குள் இறங்கும். முப்பது சென்டிமீட்டர் செங்கல்–சுண்ணாம்புத் தளமாயின் இதற்கு ஒன்பது மணி நேரத்திற்குமேல் ஆகும். நண்பகல் வெயில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் உள்ளே எட்டிப்பார்க்கும். அந்நேரம் வீட்டார் திண்ணையிலோ முற்றத்திலோ மொட்டை மாடியிலோ படுத்திருப்பர். ஆகவே பழைய வீட்டின் குளிர்ச்சி தளத்தில் மட்டும் இருந்ததன்று. பகலில் எங்கே இருப்பது, இரவில் எங்கே உறங்குவது என்ற வாழ்முறையிலும் இருந்தது. வாழ்முறை மாறிய பிறகு தளத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பயனில்லை.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989) இதை அளந்து காட்டியவர்களுள் முதன்மையானவர். 1964 மார்ச்சில் கெய்ரோவின் கட்டட ஆய்வு மையத்தில் எழுப்பப்பட்ட சோதனைக் கட்டடங்களின் முடிவுகளை அவர் தம் நூலில் எடுத்துரைக்கிறார். 50 சென்டிமீட்டர் தடிப்புள்ள மண்கல் சுவரும் வளைகூரையும் கொண்ட அறையில் இரவு பகலாக வெப்பம் 2 பாகைக்கு மேல் ஏறி இறங்கவில்லை. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளால் ஆன அறையிலோ அது 36 பாகையைத் தொட்டது. வெளியே மர நிழலில் நின்றவனுக்கு இருந்ததைவிட 9 பாகை மிகுதி. மனிதனை வெயிலிலிருந்து காக்க எழுந்த கட்டடம், வெளியைவிடக் கூடுதலாக அவனைச் சுட்டது. ஃபத்ஹியைப் போற்றுவோர் ஒன்றை மறைத்துவிடுவதுண்டு: 1940களில் அவர் ஏழைகளுக்காகக் கட்டத் தொடங்கிய புதிய குர்னா என்ற மண்வீட்டுக் கிராமத்தில், யாருக்காகக் கட்டினாரோ அவர்களே பெரும்பாலும் குடியேற மறுத்துவிட்டனர். பழைமையின் அறிவியல் சரியாக இருப்பதால் மட்டுமே மக்கள் அதனை ஏற்றுக்கொள்வதில்லை.

சூலக்கரைக்குத் தெற்கே சில கல் தொலைவில் இம்மாற்றத்தின் வாயிலே இருக்கிறது. இன்று ராம்கோ சிமெண்ட்ஸ் என வழங்கும் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1962இல் இராமசாமி ராஜா நகரில் இயங்கத் தொடங்கியது. (அதன் அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயர் துலுக்கப்பட்டி, பெயர்க்காரணம் தனி ஆய்வுக்குரியது.) அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பந்தல்குடியின் சுண்ணாம்புக்கல், சூளைக்குப் போவதற்குப் பதிலாக ஆலைக்குப் போகலாயிற்று. கல் ஒன்றுதான், வேட்கும் முறை வேறு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உண்டு மீண்டும் கல்லாகிறது; அதற்கு ஆண்டுகள் ஆகும். சிமெண்ட் நீரோடு சேர்ந்து சில வாரங்களில் இறுகிவிடும். வலிமையில் சிமெண்டுக்கு நிகரில்லை. கம்பியோடு சேர்ந்தால் மரமின்றியே அகன்ற அறையை மூடலாம். கறையானுக்கும் ஒழுகலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஓலைக்கூரையின் கீழ் ஆண்டுதோறும் தீயையும் மழையையும் அஞ்சி வாழ்ந்த குடும்பத்துக்குக் கான்கிரீட் தளம் ஒரு விடுதலையாகவே இருந்தது. அதை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால் அதே தளம் வெப்பத்தைச் செங்கல்லைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகக் கடத்தும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நம் பள்ளிவாசல்களின் கதையும் இதுவே. உள்பள்ளி, வெளிப்பள்ளி, ஹவ்ள் என ஒன்றன்பின் ஒன்றாக நிழலைக் கூட்டிச் சென்ற பழைய பள்ளிகள் பல, வளைகுடாப் பணம் வந்த காலத்தில் இடிக்கப்பட்டு, மெல்லிய கான்கிரீட் குவிமாடங்களோடு எழுந்தன. இன்று லுஹர் தொழுகைக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டியிருக்கிறது. இடித்தவர்களின் பக்தியில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

இதுவரை நாம் கூறியது வெப்பத்தின் கதை. அதில் கனமான உறையே வென்றது. இதே கரிசல் மண்ணில் மற்றோர் உறை இருக்கிறது. அங்குக் கனமே எமன்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாறு யாவரும் அறிந்தது. அதன் வழியே பட்டாசும் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிலாக வேரூன்றியது. மழை குறைந்த, காற்று உலர்ந்த நிலமே அதற்கு ஏற்றது. ஈரம் மருந்துக்குப் பகை. அலுமினியத் தூள் ஈரப்பட்டால் தானே சூடேறும். எந்த வறட்சி உழவனை வாட்டியதோ, அதுவே மருந்தறைக்கு மூலதனமாயிற்று.

மருந்து திறந்த தரையில் எரிவதற்கும் அடைபட்ட இடத்தில் எரிவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிரியாவின் ஹஸன் அர்ரம்மாஹ் (மறைவு 1295) போன்றோர் வெடியுப்பைத் தூய்மை செய்து கலவைகளை எழுதிவைத்த காலத்திலிருந்தே போர்க்கருவி செய்வோர் அறிவர். கருமருந்து வெளியில் ‘புஸ்’ என்று எரியும். காகிதக் குழலில் இறுகச் சுற்றினால் வெடிக்கும். அறையும் ஒரு குழல்தான், அதைச் சுவர்களால் இறுகச் சுற்றினால். ஓர் எளிய கணக்கு: அறைக்குள் காற்றின் அழுத்தம் வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு திடீரென மிகுந்தால், மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சுவரின்மீது ஏறத்தாழ 9 டன் எடை பக்கவாட்டில் மோதுகிறது. கம்பியில்லாச் செங்கற்சுவர் மேலிருந்து வரும் சுமையைத் தாங்கும். பக்கத்திலிருந்து வரும் இந்த அடியைத் தாங்காது. தாங்காத சுவரின்மேல் கான்கிரீட் தளம் இருந்தால் அது அப்படியே கீழே அமரும்.

எனவே மருந்தறையின் அறிவியல், வீட்டின் அறிவியலைத் தலைகீழாக்குகிறது. இங்கு உறை எளிதில் திறந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802இல் டியூபாண்ட் குடும்பத்தார் நிறுவி 1921 வரை நடத்திய மருந்தாலைகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். மூன்று பக்கம் மிகத் தடித்த கற்சுவர், ஆற்றை நோக்கிய நான்காம் பக்கம் மெல்லிய பலகை, கூரையும் இலேசானது. வெடித்தால் பலகையும் கூரையும் ஆற்றின்மேல் பறக்கும். அடுத்த கட்டடத்துக்குத் தீ பரவாது. உடைய வேண்டிய இடம் எது, உடையக் கூடாத இடம் எது என்று சுவரிலேயே எழுதிவைத்திருந்தனர்.

இந்த அறிவைச் சட்டமாக்கியது 1875ஆம் ஆண்டின் பிரித்தானிய வெடிபொருள் சட்டம். அதன் வழியில் நம் நாட்டில் 1884ஆம் ஆண்டுச் சட்டமும், 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளின் விதிகளும் வந்தன. கட்டடத்திற்கும் கட்டடத்திற்கும் இடைவெளி, ஊருக்கும் ஆலைக்கும் இடைவெளி, ஓர் அறையில் இருக்கக்கூடிய மருந்தின் அளவு, ஆளின் அளவு என யாவும் வரையறுக்கப்பட்டன. கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும். உராயக்கூடிய இரும்போ, உதிரக்கூடிய மணலோ அறையினுள் இருத்தலாகாது. அறைக்கு நால்வர் என்பது சிவகாசி வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கணக்கு. மருந்தின் அளவு ஏன் முக்கியம் என்றால், பளிச்சென எரியும் உலோக மருந்துகள் ஓரளவுக்குமேல் குவிந்தால் அடைப்பின்றியே வெடிக்கும். அப்போது எந்தச் சுவரும் உதவாது.

சுவரைப் பற்றிய சட்டம் நம் மரபுக்குப் புதிதன்று. துனிஸ் நகரின் தலைமைக் கொத்தனாராகவும் காழிகளுக்குக் கட்டட வழக்குகளில் ஆலோசகராகவும் இருந்த இப்னுர் ராமி (மறைவு 1334) இத்துறைக்கென ஒரு நூலையே விட்டுச் சென்றார். பக்கத்து வீட்டின் புகை, நாற்றம், ஆலை ஓடும் அதிர்வு, எட்டிப்பார்க்கும் சாளரம் ஆகியவை எப்போது தீங்காகும், யார் தடுக்கலாம் என்பன அதில் ஆராயப்படுகின்றன. தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற ஹதீஸே அதன் அடித்தளம். வெடிபொருள் விதிகளின் ‘பாதுகாப்பு இடைவெளி’யைப் படிக்கையில் அந்தத் துனிஸ் கொத்தனார் நம் நினைவுக்கு வருகிறார். அடுத்த வீட்டானின் உரிமை சுவரிலிருந்து எத்தனை முழம் வரை செல்கிறது என்பதுதானே இரண்டின் கேள்வியும்.

இவ்வளவு விதிகள் இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்தவற்றை நாம் அறிவோம். முன்னதில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள். பின்னதில் இருபதுக்கும் மேல். ஒவ்வொரு விபத்திற்குப் பிறகும் ஒரே குறைகளே பேசப்படுகின்றன: அறைகளை உள்குத்தகைக்கு விட்டது, நால்வருக்குப் பதில் பலர் இருந்தது, அளவுக்கு மீறி மருந்து குவித்தது, அறையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் வேலை செய்தது.

இந்தக் கடைசிக் குறையில் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். மரத்தடியில் வேலை செய்யும்போது இடைவெளி, அளவு, ஆள் எண்ணிக்கை ஆகிய எல்லாக் கணக்கும் குலைந்துவிடுகிறது. ஓரிடத்துப் பொறி எல்லோரையும் எட்டுகிறது. அறை போதாமையும் அவசர உற்பத்தியும் இதற்குக் காரணங்கள் என்பர், மறுக்கவில்லை. ஆனால் கான்கிரீட் தளமோ ஆஸ்பெஸ்டாஸ் தகடோ போட்ட மூன்று மீட்டர் அறையில், மே மாதப் பிற்பகலில், மின்விசிறிகூட இன்றி ஒருவர் எவ்வளவு நேரம் அமர முடியும்? வெக்கையும் அவர்களை வெளியே தள்ளுகிறது என்பது நம் உறுதியான கருத்து. சூலக்கரையின் புதிய வீட்டில் அரை மணி நேரம் அமர்ந்தபின் நாமே வேப்ப மரத்தடியைத் தேடிப் போனோம்.

சட்டம் இதை அறியாததும் அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 13ஆம் பிரிவில், வெப்பம் இயன்ற அளவு குறைந்திருக்கும் வகையில் சுவரும் கூரையும் தக்க பொருளால் தக்க முறையில் அமைய வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறியது. ஆக, ஒரு சட்டம் சுவரை அழுத்தத்தின் கண்கொண்டு பார்த்தது. மற்றொன்று வெப்பத்தின் கண்கொண்டு பார்த்தது. இரண்டுக்கும் அலுவலர் வேறு, கோப்பு வேறு. அறை மட்டும் ஒன்று. அறையில் அமர்ந்திருப்பவரும் ஒருவர். அழுத்தத்தின் கணக்குப்படி எழுந்த சுவர், வெப்பத்தின் கணக்கில் தோற்றதால், அழுத்தத்தின் கணக்கும் வீணாயிற்று.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வெப்பத்தைத் தாங்கக் கனம் வேண்டும், வெடியைத் தாங்க இலேசு வேண்டும் என்றால் இரண்டும் எப்படிப் பொருந்தும்? கட்டைக்குத்து ஒட்டை மருந்தறையின்மீது போட முடியாது. ஓலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். விடையை நாம் ஜித்தாவில் காண்கிறோம்.

1929இல் டாக்கா மாநகரில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், உலகின் மிக உயர்ந்த கோபுரங்களைச் சிகாகோவில் எழுப்பிப் புகழ்பெற்றவர். 1982இல் மறைவதற்குச் சற்று முன் அவர் பங்கேற்று முடித்த பணி, ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம். அதற்குச் சுவரே இல்லை எனலாம். கண்ணாடி இழையால் நெய்து பூச்சிட்ட வெண்துணி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரமாக 210 கூடாரங்கள். துணியின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவே. ஆயினும் அது வெயிலின் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே சூடேறிய காற்று கூடார உச்சியின் திறப்பு வழியே மேலேறிப் போய்விடுகிறது. உறைக்குக் கனம் இல்லாவிடினும் வெண்மையும் உயரமும் காற்றுவழியும் இருந்தால் போதும் என்பதை இஹ்ராம் அணிந்த இலட்சக்கணக்கானோர் அதன் கீழ் அமர்ந்து அறிந்திருக்கின்றனர். 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது.

கூடாரத் துணி சிவகாசிக்கு ஆகாது. ஆனால் அதன் இலக்கணம் ஆகும். எளிதில் பெயரக்கூடிய, தீப்பற்றாத, இலேசான கூரை, அதன்மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றொரு மெல்லிய நிழற்கூரை, மேற்புறம் வெண்மை, எதிரெதிர்க் கதவுகளின் வழியே காற்று. இவற்றுள் எதுவும் அழுத்தத்தின் கணக்கைக் கெடுப்பதில்லை. செலவும் பெரிதன்று.

சூலக்கரையை விட்டுப் புறப்படும்போது தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையின் கூரை மட்டும் கண் கூசும் வெண்மையாகத் தெரிந்தது. வண்டியை நிறுத்தி விசாரித்தோம். பட்டாசுக்குத் தொடர்பில்லாத சிறு தொழிற்கூடம். இரண்டு மணிக்குமேல் பெண்கள் உள்ளே உட்கார மறுத்ததால் உரிமையாளர் ஒருவரின் யோசனையைக் கேட்டுத் தகரத்தின்மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். கல் சுண்ணாம்பை இரண்டு நாள் ஊறவைத்து, கொஞ்சம் பசை சேர்த்து, இரண்டு பூச்சு. ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடுகிறதாம். தை கழிந்ததும் மறுபடி அடிக்கிறார்களாம்.